மோதி விளையாடும் வயது எது?

நாம் கால்பந்து என்று சொல்வது வேறு, அமெரிக்காவில் அந்தப் பெயரில் ஆடுவது வேறு. அங்கே பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். அதை வைத்திருப்பவனைப் பாய்ந்து பிடித்துத் தரையில் சாய்ப்பதுதான் ஆட்டத்தின் உயிர். 'டேக்கிள்' என்று அதற்குப் பெயர். தோளில் திண்டு, தலையில் கனத்த ஹெல்மெட் என்று போர்க்கோலம் பூண்டு ஆறேழு வயதுப் பொடிசுகளும் இதை ஆடுகிறார்கள். பள்ளி, கல்லூரி என்று படியேறி, வடிகட்டியதில் மிஞ்சும் சிலர் என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கில் நுழைகிறார்கள். இத்தனை சிறு வயதில் தலையை மோத விட்டால் பிற்காலத்தில் மூளை பாதிக்கப்படுமா என்ற கேள்வி, பத்தாண்டுக்கும் மேலாக அந்த நாட்டின் ஆய்வுக்கூடங்களிலிருந்து சட்டமன்றங்கள் வரை அலைந்துகொண்டிருக்கிறது. பன்னிரண்டு வயதுக்கு முன் தொடங்கினால் ஆபத்து என்கிறது ஒரு கட்சி. கல்லூரி வீரர்களைச் சோதித்துப் பார்த்தாயிற்று, வேறுபாடு ஒன்றும் இல்லை என்கிறது மறு கட்சி. இரு கட்சியின் கையிலும் ஆய்வுகள் உண்டு. அவற்றை அருகருகே வைத்துப் படித்தால் எனக்குத் தோன்றுவது இது: இருவரும் வயதைப் பிடித்துத் தொங்குகிறார்கள், எண்ண வேண்டியது வாங்கிய அடிகளை. பன்னிரண்டு என்ற கோட்டுக்கு வலுவான சான்று கிடையாது. அந்தக் கோடு அழிந்தால் "கொஞ்சம் வளர்ந்தபின் ஆடட்டும்" என்ற வாதமும் கூடவே அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அழியாது என்பதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மண்டைக்குள் நடப்பது என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். மண்டையோடு உடையாமல் காப்பது ஹெல்மெட்டின் வேலை. அதை அது நன்றாகவே செய்கிறது. உள்ளே மூளை அசைவதை அதனால் தடுக்க முடியாது. ஓடிவந்த தலை சட்டென்று நிற்கும்போதும், அதைவிட முக்கியமாகப் பக்கவாட்டில் திருகப்படும்போதும், மூளையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. அவற்றை இணைக்கும் மெல்லிய நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபடல் பெரிதானால் தலைசுற்றல், கண் மங்கல், நினைவு தப்பல் என்று வெளியே தெரியும். அதை மூளையதிர்ச்சி என்கிறோம். வெளியே தெரியாத சிறு இடிகளோ எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். பிள்ளை எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு மறுபடி ஓடுவான். பயிற்சியாளரின் குறிப்பேட்டில் எதுவும் ஏறாது. ஆண்டுக்கணக்கில் இப்படி இடி வாங்கிய சிலரின் மூளையில் டௌ என்ற புரதம் உருக்குலைந்து, மூளை மடிப்புகளின் அடியாழத்தில், சிறு இரத்தக் குழாய்களைச் சுற்றித் திட்டுத்திட்டாகப் படிகிறது. சி.டி.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நாள்பட்ட மூளைச் சிதைவு நோய் இதுதான். குத்துச்சண்டை வீரர்களிடம் காணும் தள்ளாட்டத்தையும் மனத் தடுமாற்றத்தையும் பற்றி ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே எழுதிவிட்டார். அமெரிக்கக் கால்பந்து வீரரிடம் இந்த நோயைக் காட்டியவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. 2002இல் ஐம்பது வயதில் இறந்த பிட்ஸ்பர்க் அணி வீரர் மைக் வெப்ஸ்டரின் மூளையில் கண்டதை அவர் 2005இல் வெளியிட்டார். உயிரோடு இருப்பவரிடம் இந்த நோயை உறுதிப்படுத்த இன்னும் வழியில்லை. இறந்தபின் மூளையைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்டு. இத்துறையின் பாதிக் குழப்பம் இதனால் வந்ததே.

சிறுவர்களைத் தனியே கவனிக்கக் காரணம் உண்டு. ஆறு வயதில் தலை ஏறக்குறையப் பெரியவர்களின் அளவை எட்டிவிடுகிறது. அதைத் தாங்கும் கழுத்து எட்டுவதில்லை. அதன்மேல் ஹெல்மெட்டின் கனம் வேறு. உள்ளே நரம்பிழைகளுக்கு மயலின் என்ற கொழுப்புறை இன்னும் போர்த்தப்பட்டுக்கொண்டிருக்கும் பருவம் அது. மூளை வளர்ச்சியின் சில முக்கியக் கட்டங்கள் பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உச்சம் தொடுகின்றன என்ற அடிப்படையில்தான் பாஸ்டன் பல்கலைக்கழகக் குழு பன்னிரண்டைக் கோடாக எடுத்துக்கொண்டது. 2015இல் வந்த அவர்களுடைய ஆய்வில் 40 முதல் 69 வயது வரையுள்ள 42 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்கள் இருந்தார்கள். விதி சொல்லாமல் மாறிக்கொண்டே இருக்கும் சீட்டு வகைப்படுத்தும் சோதனை, சொற்பட்டியலைக் கேட்டுவிட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனை, வாசிப்புச் சோதனை ஆகியவற்றில், பன்னிரண்டுக்கு முன் ஆடத் தொடங்கியவர்கள் பின்தங்கினார்கள். மொத்தம் ஆடிய ஆண்டுகளைக் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு நின்றது. 2017இல் 214 முன்னாள் வீரர்களை, பள்ளியோடு நிறுத்தியவர்களையும் சேர்த்து, அதே குழு விசாரித்தது. முன்னதாகத் தொடங்கியவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகளுக்கான வாய்ப்பு மூன்று மடங்கு. மறு ஆண்டு, இறந்துபோன 246 வீரர்களின் குடும்பத்தாரைக் கேட்டபோது, பன்னிரண்டுக்கு முன் தொடங்கியவர்களுக்கு நினைவு, சிந்தனை சார்ந்த தொல்லைகள் சராசரியாகப் பதின்மூன்று ஆண்டு முன்னதாகவே தலைகாட்டியதாகத் தெரிந்தது.

பதின்மூன்று ஆண்டு என்றால் எந்தப் பெற்றோருக்கும் வயிற்றைக் கலக்கும். இருந்தாலும் அந்த வாசிப்புச் சோதனையில் சற்று நின்று பார்க்க வேண்டும். எழுதியிருக்கும் சொல்லை உரக்கப் படிக்கச் சொல்லும் எளிய சோதனை அது. மூளை நோய் வந்தாலும் இந்தத் திறன் கடைசிவரை பெரிதாகக் குறையாது என்பதால், ஒருவருக்கு நோய்க்கு முன் இருந்த மொழியறிவை ஊகிக்க மருத்துவர்கள் இதைப் பயன்படுத்துவது வழக்கம். முன்னதாகத் தொடங்கியவர்கள் இதிலும் குறைவாக வாங்கினார்கள் என்றால் இரண்டு விதமாகப் பொருள் கொள்ளலாம். சிறு வயது இடிகள் படிக்கும் திறனையே வளரவிடாமல் செய்திருக்கலாம். அல்லது ஆட்டத்துக்கு வருமுன்பே அந்தப் பிள்ளைகளின் படிப்பும் குடும்பச் சூழலும் வேறாக இருந்திருக்கலாம். 42 பேரை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இதே போன்ற கேள்வியோடு வேறொரு குழு 45 முன்னாள் என்.எஃப்.எல். வீரர்களைச் சோதித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பு எதுவும் அகப்படவில்லை. 2018 ஆய்விலும் ஒரு முரண் உண்டு. முன்னதாகத் தொடங்கியவர்களின் மூளையில் நோயின் தீவிரம் கூடுதலாக இல்லை. அறிகுறிகள் மட்டுமே முந்தின. இளமையில் பட்ட இடி மூளையின் தாக்குப்பிடிக்கும் வலுவைக் குறைத்துவிடுகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். இருக்கலாம். அப்பாவுக்கு எப்போது மறதி தொடங்கியது என்று பல ஆண்டு கழித்து மகன் சொல்லும் பதிலை நம்பி நிற்கும் கணக்கு அது என்பதையும் மறக்கக் கூடாது. எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டாவது பிறந்தநாளில் ஏதோ கதவு அடைபடுகிறது என்று சொல்ல இவை போதாது.

இனி மறு கட்சி. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து 2014இல் 'கேர்' என்ற பெரிய ஆய்வுக் கூட்டமைப்பைத் தொடங்கின. ஆயிரக்கணக்கான மாணவ வீரர்களும் ராணுவ அகாடமி மாணவர்களும் அதில் சோதிக்கப்பட்டார்கள். கணினித் திரையில் நினைவாற்றல், எதிர்வினை வேகம் முதலியவற்றை அளந்து பார்த்ததில், சிறு வயதிலேயே மோதல் ஆட்டத்துக்கு வந்தவர்கள் பின்தங்கவில்லை. ஆய்வு நேர்மையானது, முடிவும் சரியே. அது எந்தக் கேள்விக்கு விடை என்பதில்தான் சிக்கல். இந்த மாணவர்களிடம் தொடங்கிய வயதை எப்படிக் கணக்கிட்டார்கள் தெரியுமா? இப்போதைய வயதிலிருந்து ஆடிய ஆண்டுகளைக் கழித்தார்கள். இருபது வயதுக்காரன் பன்னிரண்டு ஆண்டு ஆடினேன் என்றால் எட்டில் தொடங்கினான். ஆறு ஆண்டு என்றால் பதினாலில். ஆடிக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் 'சீக்கிரம் தொடங்கினான்' என்பதும் 'நிறைய ஆடினான்' என்பதும் ஒரே எண்ணின் இரண்டு முகம். ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் அளக்க எந்தப் புள்ளியியல் வித்தையாலும் ஆகாது. போதாததற்கு, சிறு வயதில் மோசமாக அடிபட்டு ஒதுங்கியவர்கள் கல்லூரி அணிவரை வந்திருக்கவே மாட்டார்கள். சோதனைக்கு உட்கார்ந்தவர்கள் தாக்குப்பிடித்தவர்கள்.

சோதிக்கப்பட்டவர்களின் வயதும் இடிக்கிறது. டௌ படிவது பல பத்தாண்டுகள் எடுக்கும் வேலை. இருபது வயதில் புகைபிடிப்பவனை ஊதச் சொல்லி நுரையீரலைச் சோதித்தால் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதை வைத்துப் புகையிலைக்கு நற்சான்று எழுத எந்த மருத்துவரும் துணிய மாட்டார். புகையிலை ஆய்வில் மருத்துவர்கள் தொடங்கிய வயதோடு நிற்காமல், நாளுக்கு எத்தனை பாக்கெட், எத்தனை ஆண்டு என்று பெருக்கிப் பார்க்கிறார்கள். தலை மோதலுக்கும் அந்த மாதிரிக் கணக்குதான் வேண்டும். இப்போது மெல்ல அது வந்துகொண்டிருக்கிறது.

2012இல் வெளியான ஆய்வுக்காக வர்ஜீனியா டெக் பொறியாளர்கள் ஏழெட்டு வயதுச் சிறுவர்கள் ஏழு பேரின் ஹெல்மெட்டுக்குள் முடுக்கமானிகளைப் பொருத்தினார்கள். ஒரே பருவத்தில் பதிவானவை 748 இடிகள். சராசரியாக ஒரு பிள்ளைக்கு நூறைத் தாண்டும். மிகப் பலத்தது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் நூறு மடங்கை எட்டியது; கல்லூரி வீரர்களிடமும் அது சாதாரண இடியல்ல. பலத்த இடிகளில் பெரும்பாலானவை போட்டியில் விழவில்லை என்பதுதான் இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அவை விழுந்தது பயிற்சியில். இன்னொரு முனையில், 2020இல் பாஸ்டன் குழு தானமாக வந்த 266 மூளைகளை வைத்துக் கணக்கிட்டதில், ஆடிய ஒவ்வோர் ஆண்டுக்கும் சி.டி.இ. இருக்கும் சாத்தியம் ஏறத்தாழ 30 சதவீதம் ஏறியது; அதாவது 2.6 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. 2023இல் 631 மூளைகளோடு செய்த அடுத்த ஆய்வு இன்னும் நுணுக்கமானது. ஹெல்மெட் கருவிகளின் பதிவுகளைக்கொண்டு ஒவ்வொருவரும் வாழ்நாளில் வாங்கிய மோதல் விசையின் மொத்தத்தை மதிப்பிட்டார்கள். நோயைச் சிறப்பாக முன்கணித்தது அந்த மொத்தம்தான். மருத்துவர் கண்டறிந்த மூளையதிர்ச்சிகளின் எண்ணிக்கை முன்கணிக்கவில்லை. மயங்கி விழுந்த நாட்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் கேட்க வேண்டிய செய்தி இது.

நம் ஊர்க் கால்பந்திலும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரைப் பொதுமக்களில் 23,028 பேரோடு ஒப்பிட்ட கிளாஸ்கோ ஆய்வு 2019இல் வந்தது. நரம்புச் சிதைவு நோயால் இறந்தவர்கள் வீரர்களில் 1.7 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். இரண்டாண்டு கழித்து அதே குழு ஆடிய இடத்தைப் பிரித்துப் பார்த்தது. பந்தை அதிகம் தலையால் முட்டும் தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு அளவில். கோல்கீப்பர்களிடம் குறிப்பிடத்தக்க உயர்வு தென்படவில்லை. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஏறக்குறைய ஒரே குடும்பப் பின்னணி. தலை வாங்கிய அடியில்தான் வேறுபாடு.

இதற்கெல்லாம் வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. மூளை வங்கிக்கு மூளையைத் தருவது யார்? ஏற்கெனவே ஏதோ சரியில்லை என்று சந்தேகப்பட்ட குடும்பங்கள். 2017இல் பாஸ்டன் வங்கியின் 202 கால்பந்து வீரர்களில் 177 பேருக்கு சி.டி.இ. இருந்ததென்றால், ஆடியவர்களில் 87 சதவீதம் பேருக்கு நோய் என்று அதற்குப் பொருளாகாது. வெளியுலகக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி முடித்த 3,904 ஆண்களை அறுபதுகளின் நடுவயதுவரை தொடர்ந்து கவனித்தபோது, பள்ளியில் கால்பந்து ஆடியவர்களின் அறிவாற்றல் குறையவுமில்லை, மனச்சோர்வு கூடவுமில்லை. மாயோ கிளினிக் 1946 முதல் 1956 வரை பள்ளியணியில் ஆடியவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்ததிலும் நரம்புச் சிதைவு நோய் கூடவில்லை. இவை ஆறுதலான முடிவுகள். இவற்றை மறைத்துப் பயங்காட்டுவது நேர்மையல்ல. ஆனால் அந்தத் தலைமுறை ஆடியது பெரும்பாலும் பள்ளியில் நான்கு ஆண்டு. அளவைப் பொறுத்தே ஆபத்து என்று சொல்பவருக்கு இது எதிர்ச்சான்று ஆகாது. குறைந்த அளவு, குறைந்த ஆபத்து. இன்று ஆறு வயதில் தொடங்கி இருபத்திரண்டில் கல்லூரியை முடிப்பவன் ஆடுவது பதினாறு ஆண்டு. அவன் வாங்கும் அடியை 1957ஆம் ஆண்டுக்காரனின் கணக்கில் எழுத முடியாது. விளையாட்டோடு தொடர்பில்லாத மூளை வங்கியில் தேடியவர்களும் உண்டு. நரம்புச் சிதைவு நோய்களுக்கென்று மாயோ சேர்த்துவைத்த மூளைகளில் மோதல் ஆட்டம் ஆடிய 66 ஆண்களில் 21 பேரிடம் சி.டி.இ. அடையாளம் இருந்தது; ஆடாத 198 பேரில் ஒருவரிடமும் இல்லை. அந்த 66 பேரும் பெரும்பாலும் பள்ளி, கல்லூரி அளவில் ஆடிய சாதாரணர்கள்.

சிறு வயதிலேயே மோதக் கற்றால்தான் பின்னால் அடிபடாமல் ஆடலாம் என்பது பயிற்சியாளர்கள் விரும்பிச் சொல்லும் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. இதைச் சோதித்துப் பார்க்கக் கனடாவின் ஐஸ் ஹாக்கியில் இயல்பாகவே ஒரு வாய்ப்பு அமைந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்தில் பதினொன்று, பன்னிரண்டு வயதினர் உடலால் இடித்து ஆடலாம், கியூபெக்கில் கூடாது. 2010இல் ஒப்பிட்டபோது ஆல்பர்ட்டாவில் மூளையதிர்ச்சி மூன்று மடங்குக்கும் மேல். சரி, இப்படிப் பழகியவர்கள் அடுத்த நிலைக்குப் போனதும் பாதுகாப்பாக ஆடினார்களா? இரு மாகாணத்திலும் இடிக்க அனுமதியுள்ள பதின்மூன்று, பதினான்கு வயதில் பார்த்தால், மூளையதிர்ச்சியிலோ மொத்தக் காயங்களிலோ வேறுபாடில்லை. ஒரு வாரத்துக்கு மேல் ஆட்டத்தைவிட்டு விலக்கிவைக்கும் காயங்கள் மட்டும் முன்பே பழகியவர்களுக்குச் சற்றுக் குறைவு. அந்த ஓர் ஆதாயம் உண்மை. அதற்குக் கொடுத்த விலை இரண்டாண்டு கூடுதல் மூளையதிர்ச்சி. 2013இல் கனடா முழுவதும் அந்த வயதினருக்கு இடித்தல் நீக்கப்பட்டது. ஆல்பர்ட்டாவில் மூளையதிர்ச்சி பாதிக்குமேல் குறைந்தது.

ஓடியாடுவதே நின்றுபோனால் உடல்பருமனும் நீரிழிவும் வராதா என்று கேட்பவர்களின் கவலை உண்மையானது. ஆனால் யாரும் ஓட்டத்தை நிறுத்தச் சொல்லவில்லை. டேக்கிளுக்குப் பதிலாக இடுப்பில் தொங்கும் நாடாவைப் பறித்தால் ஆட்டம் நிற்கும் 'ஃபிளாக் ஃபுட்பால்' இருக்கிறது. ஓட்டமும் எறிதலும் வியூகமும் அப்படியே இருக்கும். சாய்ப்பது மட்டும் இருக்காது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் சேரப்போவதும் இந்த வகைதான். தாமதமாக வந்தால் முன்னுக்கு வர முடியாது, கல்லூரி உதவித்தொகை போய்விடும் என்ற பயத்துக்கு டாம் பிரேடியும் ஜெர்ரி ரைஸும் பதில். ஆட்டத்தின் மிகப் பெரிய பெயர்களான இருவருமே உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகே டேக்கிளுக்கு வந்தவர்கள். பெரியவர்களின் மோதலோடு ஒப்பிட்டால் சிறுவர்களின் மோதல் லேசானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆறு வயது ஓராண்டும் இருபது வயது ஓராண்டும் விசைக் கணக்கில் சமமல்ல. லேசான அந்தச் சுமையையும் ஏற்றிவைக்க என்ன தேவை என்பதுதான் கேள்வி. உயர்நிலைப் பள்ளி தொடங்கும் பதினாலு வயதுக்குமுன் மோதிப் பெறும் நன்மை, மோதாமல் பெற முடியாத நன்மை ஒன்றைக்கூட எதிர்த்தரப்பு இதுவரை எடுத்துவைக்கவில்லை.

கொள்கை வகுப்பவர்கள் இதை அரைகுறையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம், நம் கால்பந்தைத்தான் சொல்கிறேன், 2015இல் பத்து வயதுவரை தலையால் முட்டத் தடை போட்டது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து சம்மேளனங்கள் 2020இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியில் அதை நீக்கின. அமெரிக்கக் கால்பந்திலோ வயதுக் கோட்டை வைத்தே சண்டை. பன்னிரண்டுக்குட்பட்டோர் டேக்கிள் ஆடக் கூடாது என்ற கலிபோர்னியா மசோதா, கையெழுத்திட மாட்டேன் என்று 2024 ஜனவரியில் ஆளுநர் சொன்னதும் படுத்துவிட்டது. அதைவிடச் சத்தமில்லாத, என் கணிப்பில் அதைவிடப் பயனுள்ள சட்டம் ஒன்று அதே மாநிலத்தில் 2021 முதல் நடப்பில் இருக்கிறது. சிறுவர் அணிகள் ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு முப்பது நிமிடத்துக்கு மேல் முழு மோதல் பயிற்சி நடத்தக் கூடாது. மற்ற மாதங்களில் அறவே கூடாது. இடிகள் எங்கே குவிகின்றனவோ அங்கே கைவைத்திருக்கும் சட்டம். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களும் இன்று பள்ளி விளையாட்டுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டு நிற்கும் மகனை எதிர்கொள்கின்றன. பதினாலு வயதுவரை நாடா ஆட்டத்தில் சேருங்கள். அதற்குப் பிறகும் அவன் டேக்கிள்தான் வேண்டும் என்றால், கையெழுத்துப் போடுமுன் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள், எத்தனை நிமிடம் பிள்ளைகளை மோதவிடுகிறீர்கள்? எண்ணைச் சொல்லிப் பதில் தர முடியாதவரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள்.